சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா): சரிவில் புது டிரைவ்வே போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சரிவுவீடு கேட்டது:
வணக்கம். எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்வு. கேட்டிலிருந்து கராஜ் வரை 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், மொத்த இறக்கம் சுமார் 1.5 மீட்டர். இப்போது வெறும் மண்தான், மழை பெய்தால் களி டயரோடு வந்துவிடும். பேவர் கல் போட 4 நாள் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அதில் "பேவிங், மணல், கூலி" என்று மட்டும்தான் இருக்கிறது. கார் இரண்டு, லாரி வராது. கல்லா, கான்கிரீட்டா? வேலை நடக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பேவர்கை:
அந்தக் கொட்டேஷனில் அடித்தளம் என்ற சொல்லே இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். களிமண் மேல் மணலைக் கொட்டிக் கல் பதித்தால் முதல் மழைக்காலம் முடிவதற்குள் டயர் போகும் தடம் இரண்டும் பள்ளமாகிவிடும்.

உங்கள் அளவுக்குக் கணக்கு இது. பரப்பு 48 சதுர மீட்டர். காருக்கு 60 மி.மீ. கல் போதும். 200க்கு 100 மி.மீ. கல் என்றால் சதுர மீட்டருக்கு 50, ஆக 2,400. வெட்டுச் சேதத்துக்கு 5 சதவீதம் சேர்த்து 2,520 வாங்குங்கள். கல்லுக்கு அடியில் 25 மி.மீ. மணல், அதற்கு அடியில் திமிசு போட்டு இறுக்கிய கிராவல் 150 மி.மீ. மொத்தம் 235 மி.மீ. தோண்ட வேண்டும். அது 11 கன மீட்டருக்கு மேல், அள்ளும்போது உப்பி 14 வரை போகும். 6 கன மீட்டர் டிப்பரில் மூன்று நடை. அந்த மண்ணை யார் எடுத்துப்போவது, கூலி யாருடையது என்பது எழுத்தில் இருக்கட்டும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. கிராவல் இறுகிய அளவில் 7.2 கன மீட்டர். அதற்கு உதிரியாக 9 கன மீட்டர் வர வேண்டும்.

கிராவலை ஒரே தடவையில் 150 மி.மீ. கொட்டி மேலே இறுக்கும் மெஷினை ஓட்டினால் மேல்பக்கம் மட்டும்தான் இறுகும். 75 மி.மீ. வீதம் இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் கசியக் கூடாது, அந்த ஈரம்தான் சரி. கிராவலில் பள்ளம் இருந்தால் கிராவலாலேயே நிரப்பச் சொல்லுங்கள். மணலால் நிரப்பினால் அந்த இடம் பிறகு அப்படியே அமுங்கும். கல் பதிக்கும் முன் ஒரு நேர்பலகை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கல் மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

வரிசை மீன்முள் மாதிரிதான் இருக்க வேண்டும். பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் டயர் கல்லைக் கீழே தள்ளும். செங்கல் சுவர் மாதிரி நேர்வரிசையில் வைத்தால் வரிசை முழுக்க நகரும். பதிப்பது கீழிருந்து மேலே. இரண்டு பக்கமும் கான்கிரீட் ஓரக்கட்டு, கராஜ் வாசலில் ஒரு குறுக்குக் கட்டு, இவ்வளவு சரிவுக்கு நடுவிலும் ஒன்று. கட்டு இறுக ஓரிரு நாள் விட்டுத்தான் பக்கத்தில் மெஷின் ஓட வேண்டும். அதனால் 4 நாள் குறைவு. ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் காய்ந்த நைஸ் மணலைப் பெருக்கி இடுக்குகளை நிரப்பி, மெஷின் ஓட்டி, மறுபடி மணல். ஈர மணல் இடுக்கில் இறங்காது. அன்றே காரை ஏற்றலாம்.

மாரிட்ஸ்பர்க்_கொத்தனார்:
பேவர்கை அண்ணா சொன்னது சரி. கான்கிரீட் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 100 மி.மீ. கனம், பலம் 25 எம்பிஏ (மெகாபாஸ்கல்), 48 சதுர மீட்டருக்கு 4.8 கன மீட்டர். ரெடிமிக்ஸ் 5.5 ஆகச் சொன்னால் குறைபடாது. உள்ளே ரெஃப் 193 என்ற இரும்புக் கம்பி வலை (மெஷ்), 6 மீட்டருக்கு 2.4 தாள் நான்கு. மெஷ் தரையில் கிடந்தால் இருந்தும் பயனில்லை. சின்னச் சின்ன கான்கிரீட் கட்டைகளின் மேல் நின்று, மேல்பரப்பிலிருந்து 40–50 மி.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும்.

நீளத்தில் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, அகலத்தின் நடுவில் ஒரு வெட்டு, ஆழம் 25–30 மி.மீ., போட்ட 24 மணி நேரத்துக்குள். தாமதமானால் கான்கிரீட் தானே இடம் பார்த்து வெடித்துக்கொள்ளும். பரப்பத் தோதாக இருக்கும் என்று ஆட்கள் லாரி டிரைவரிடம் தண்ணீர் கூட்டச் சொல்வார்கள். விடாதீர்கள், பலம் அங்கேயே போய்விடும். சரிவுக்குக் குறுக்காகத் துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பு வைக்கணும். 7 நாள் ஈரம் காயாமல் பார்த்த பிறகே கார்.

உங்கள் இடத்துக்கு நான் கல்லைத்தான் சொல்வேன். களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். கல் அமுங்கினால் அந்த இடத்தை மட்டும் எடுத்துச் சரி பண்ணலாம். கான்கிரீட் விரிசல் விட்டால் ஒட்டுப்போட்ட தழும்பு நிற்கும்.

வாட்டம்பார்:
இருவரும் தண்ணீரைச் சொல்லவில்லை. தாழ்ந்த வீட்டுக்கு அதுதான் முதல் விஷயம். ஒரு மணியில் 50 மி.மீ. மழை பெய்தால் உங்கள் 48 சதுர மீட்டரில் மட்டும் 2,400 லிட்டர், எல்லாம் கராஜைப் பார்த்து ஓடும். 2022 ஏப்ரலில் டர்பனில் கொட்டிய மாதிரி மழை என்றால் சொல்லவே வேண்டாம்.

தெருத் தண்ணீர் உள்ளே வராதபடி கேட் பக்கம் சின்ன மேடு வைத்துப் பிறகு இறங்கட்டும். கராஜ் முன் கடைசி 1 மீட்டர் எதிர்ப்பக்கம் வாட்டமாக, சேரும் இடத்தில் இரும்புக் கம்பி மூடி போட்ட குறுக்கு வாய்க்கால், அதிலிருந்து 110 மி.மீ. குழாய். அந்தக் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கவே கூடாது, மழைநீர்க் குழாய் தனி. பக்கத்து வீட்டுக்குள்ளும் விடக் கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டி டிரைவ்வே போனால், முடிந்த மட்டம் சுவரின் ஈரத்தடுப்பு வரிசைக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) 150 மி.மீ. கீழே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உள்சுவரில் பெயின்ட் உரியும்.

சரிவுவீடு:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். ஸ்லைடிங் கேட்டுக்கு மோட்டாரைப் பின்னால் போடலாம் என்றிருக்கிறோம். அதற்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா? வெளியே நடைபாதைப் பகுதியையும் இதோடு சேர்த்துப் போட்டுவிடலாமா?

பேவர்கை:
கிராவல் போடும் முன்பே குறுக்காக 50 மி.மீ. குழாய் இரண்டு புதைத்து, உள்ளே கயிறு விட்டு, இரு முனையையும் மூடி வையுங்கள். மோட்டாருக்கு ஒன்று, விளக்குக்கோ கேமராவுக்கோ மற்றது. கேட் தண்டவாளத்துக்குத் தனி கான்கிரீட் கட்டு வேண்டும், கல் மேல் வைத்தால் ஆடும்.

வெளிப்பகுதி நகராட்சியுடையது. தெரு ஓரக்கல்லை இறக்கவும் அங்கே கல் பதிக்கவும் எதெக்வினியில் (டர்பன் நகராட்சி) முதலில் அனுமதி வாங்குங்கள். தண்ணீர் மீட்டர் பெட்டியை மூடாமல், அதன் மூடியைப் புது மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லுங்கள். பணத்தில் 10 சதவீதத்தைக் கையில் வைத்து, ஒரு நல்ல மழை பார்த்த பிறகு கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கே தேங்குகிறது என்பதை அந்த மழை காட்டிவிடும். கல் மேல் வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம், அது சிமென்ட்டிலிருந்து வரும் சுண்ணாம்பு, நாளாக ஆகத் தானே போகும். அது போகும் வரை சீலர் (மேல்பூச்சு) மட்டும் அடிக்காதீர்கள், வெள்ளை உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.