புதுப் பேட்டரி போட்ட பிறகும் வண்டி கிளம்பாத அனுபவம் உங்களுக்கு உண்டா?

முதல் பதிவு (மதுரை)

பேட்டரி மாற்றி மூன்று வாரம்கூட ஆகாத என் பழைய பெட்ரோல் காரில், சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும், ஸ்டார்ட்டர் சுற்றாது. பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியில் குறையில்லை என்றார். பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடிய பின் மறுபடியும் அதே 'டக்'.

இன்றுவரை மனத்தை விட்டு அகலாதது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. மகனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு பானட்டுக்குள் குனிந்து பார்த்தபோது, ஆக்சிலரேட்டர் கேபிளின் உறையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. மின்சாரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத கம்பி அது! தொட்ட விரல் கொப்புளித்துவிட்டது. என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை போல்ட்டுக்கு அடியில் துருவேறி அறுந்திருந்ததால், ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழியின்றி அந்தக் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. பட்டையை மாற்றியதும் கோளாறு தீர்ந்தது.

இரண்டாம் பதிவு (ஈரோடு)

என் கதையில் எர்த் குற்றவாளி அல்ல. மூன்று நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடும். தினமும் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாக் கதவுகளையும் பூட்டிய பின் நெகட்டிவ் கம்பியில் மீட்டரைத் தொடரிணைப்பில் வைத்து, அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தபோது 0.4 ஆம்பியர் காட்டியது. 0.05 ஆம்பியருக்குள் அடங்க வேண்டிய இடம் அது. மூன்று நாளில் ஏறத்தாழ 29 ஆம்பியர்-மணி போய்விடும். என் பேட்டரியோ 35 ஆம்பியர்-மணி.

கைப்பேசியில் வீடியோப் பதிவை ஓடவிட்டு, அதை டிக்கிக்குள் வைத்து மூடினேன். திறந்து பார்த்தால், மூடிய டிக்கிக்குள் என் மழைக்கோட்டும் ஸ்டெப்னியும் பளிச்சென்று தெரிகின்றன. விளக்கை அணைக்க வேண்டிய சுவிட்ச் சிக்கிக்கொண்டிருந்தது. ஐந்து வாட் பல்பு ஒன்றுக்காக இரண்டு பேட்டரிகளைக் காவு கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் பதிவு (சென்னை)

முதல் பதிவர் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஸ்டார்ட்டரைக் கழற்ற விடுவதற்கு முன் மல்ட்டிமீட்டரின் சிவப்பு முனையை என்ஜின் உலோகத்திலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லியிருந்தால், அளவு 0.2 வோல்ட்டைத் தாண்டுவதைக் கண்டே எர்த் பாதை கெட்டிருப்பது புரிந்திருக்கும், விரலும் தப்பியிருக்கும்.

என் அனுபவம் சிறியது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதாகச் சொல்லி, ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் ஒரு மெக்கானிக் பேட்டரிக் கம்பியைக் கழற்றினார்; மின்னழுத்தம் திடீரென எகிறி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் என் வண்டியில் அன்றோடு போயிற்று. கார்புரேட்டர் காலத்து வழக்கத்தை இன்றைய வண்டிகளில் தயவுசெய்து யாரும் அனுமதிக்காதீர்கள்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் முழுச் சார்ஜுள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மீதி. என்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் போட்ட பிறகும் 13.8 முதல் 14.5 வரை இருந்தால், பொதுவாக ஆல்டர்னேட்டர் மீது குறைசொல்ல முடியாது. சில புதிய வண்டிகள் எரிபொருளை மிச்சப்படுத்தச் சார்ஜைத் தாமாகவே குறைத்துக்கொள்வதால், ஒரு முறை 12.8 காட்டியதற்காக ஆல்டர்னேட்டரை மாற்றிவிடாதீர்கள். இரண்டாம் பதிவர் செய்ததுபோல மீட்டரைத் தொடரிணைப்பில் வைத்திருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

நான்காம் பதிவு (நாகர்கோவில்)

பிரேக்கை மிதித்தால் வலப்பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தது. மூன்று முறை பல்பு மாற்றினேன். முதல் பதிவைப் படித்த பிறகு பின்விளக்கின் எர்த் திருகைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன், சரியாகிவிட்டது.

முதல் பதிவரின் மறுமொழி

மூன்றாம் பதிவருக்கு: என்னிடம் அப்போதே மல்ட்டிமீட்டர் இருந்தது, ஐயா. பேட்டரியின் இரண்டு முனைகளில் மட்டுமே வைத்துப் பார்த்தேன், 12.6 காட்டியது. அதை நம்பித்தான் ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொன்னேன்.