உடன்வருபொதியும் முதல்தெரிவும்: வெளியீட்டுக் குறிப்புகளுக்கான முன்மொழிவு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உபுண்டு, டெபியன் ஆகிய கட்டற்ற இயங்குதளங்களின் வெளியீட்டுக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது, வெளியீட்டுக்கு வெளியீடு மாறுகின்ற ‘டிஃபோல்ட்’ பொதிகளை (பயனர் வேறொன்றைக் கேட்காதபோது தாமாகவே அமையும் மென்பொருள்களை) எவ்வாறு குறிப்பது என்ற வினாவுக்கு இதுவரை ‘இயல்புநிலைப் பொதி’, ‘முன்னிருப்புப் பொதி’ என இரண்டு விடைகள் வந்துள்ளன. இரண்டும் இவ்விடத்துக்குப் பொருந்தா என்றே கருதுகிறேன்.

‘இயல்பு’ என்பது ஒரு பொருளோடு பிறந்த தன்மை. உபுண்டுவின் பாட்டு இயக்கி 11.04 வெளியீட்டில் (எண் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும்) ரிதம்பொக்ஸிலிருந்து பன்ஷீக்கு மாறி, 12.04இல் மீண்டும் ரிதம்பொக்ஸுக்கே திரும்பியது. ஓராண்டில் போய்த் திரும்பியதை இயல்பு என்று எழுதினால், மனிதர்கள் கூடி வாதிட்டு எடுத்த முடிவு ஒன்று வாசகர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

‘முன்னிருப்பு’ இன்னும் சிக்கலானது. ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு என்று கணக்கியல் படித்த நம் மாணவர் ‘இருப்பு’ என்றதும் கையில் உள்ளதையே நினைப்பர். ‘முன்’ சேர்ந்தால் முன்பே கையில் இருந்தது என்றாகும். 2011 ஒக்டோபரில் வந்த 11.10இல் எவல்யூஷனுக்குப் பதிலாகத் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியாக வந்தது. பழைய வெளியீட்டிலிருந்து தரமுயர்த்தியவரின் கணினியில் எவல்யூஷன் பொதுவாக அழிக்கப்படுவதில்லை. அவருக்கு முன்பே இருந்தது எவல்யூஷன். நமது குறிப்போ தண்டர்பேர்டை முன்னிருப்பு என்கிறது. சொல் நேர்மாறான பொருளைத் தருகிறது. மட்டக்களப்பின் படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் கணினி அறையில், புதிதாக நிறுவிய கணினிகளும் தரமுயர்த்திய பழைய கணினிகளும் அருகருகே இருக்கும்போது, இக்குறிப்பை நம்பிப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு எந்தத் திரையில் எது இருக்கும் என்று தெரியாமற் போகும். அந்த ஆசிரியரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஆகவே, நிறுவும்போது வெளியீட்டோடு சேர்ந்து வருவதை ‘உடன்வருபொதி’ என்று சொல்லலாம் என முன்மொழிகிறேன். இது வினைத்தொகை, காலம் காட்டாத தொடராதலால் முந்திய வெளியீட்டில் வந்ததையும், இன்று வருவதையும், அடுத்ததில் வரப்போவதையும் ஒரே சொல் தாங்கும். வினைத்தொகை என்பதாலேயே ‘உடன்வருப்பொதி’ என்று ஒற்று மிகுத்து எழுதலாகாது.

சொல்லை வாக்கியத்தில் இட்டுப் பார்ப்போம். 2010 ஏப்ரலில் வெளியான 10.04இல் ஜிம்ப் என்ற படத்திருத்தச் செயலி நீங்கியதை, “ஜிம்ப் இனி உடன்வருபொதி அன்று, களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம்” என்று எழுதினால், செயலியே ஒழிந்துபோனது என்ற அச்சம் எவருக்கும் எழாது. ‘முன்னிருப்பிலிருந்து நீக்கம்’ என்ற தொடர் அந்த அச்சத்தைத் தருகிறது.

ஆனால் இந்தச் சொல் எல்லா இடத்துக்கும் போதாது. திரையில் சாளரங்களைக் காட்டும் முறைகளாகிய வேலண்ட், எக்ஸ்.ஓர்க் இரண்டில், உபுண்டு 17.10இல் வேலண்ட் அமர்வே தானாகத் தொடங்கியது, 18.04இல் அந்த இடம் எக்ஸ்.ஓர்க் அமர்வுக்குத் திரும்பியது. இரண்டு வெளியீடுகளிலும் இரண்டு அமர்வுகளும் உடன்வந்தன. புகுபதிகைத் திரையில் பயனர் மற்றதைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. இங்கே மாறியது வந்த பொருள் அன்று, பயனர் ஒன்றும் சொல்லாதபோது எது முந்தி எழும் என்பதே. இதற்கு ‘முதல்தெரிவு’ என்பதை முன்வைக்கிறேன். தேர்தலில் முதலாம் விருப்பு வாக்கு இருக்கையில் இது வாக்காளர் தெரிவோடு குழம்பும் என்ற தடை நியாயமானதே. எனினும், யாருடைய தெரிவு என்பதைச் சேர்த்து ‘வெளியீட்டின் முதல்தெரிவு’ என்று எழுதினால் குழப்பம் தீரும்.

தரமுயர்த்தியவருக்கு என்ன நேரும் என்பதை எந்தச் சொல்லும் தானே சொல்லிவிடாது. 2015இல் வந்த டெபியன் 8இல், கணினியின் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி முதல்தெரிவானபோது, தரமுயர்த்திய கணினிகளும் வழமையாக அதற்கே மாறின. எவல்யூஷன் போலப் பழையது இடத்தில் நிற்கவில்லை. எனவே மாற்றத்தை அறிவிக்கும் ஒவ்வொரு பத்தியிலும் ‘புதிதாக நிறுவுவோருக்கு’, ‘தரமுயர்த்துவோருக்கு’ என்று இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

‘பொதி’க்குப் பதிலாகத் ‘தொகுப்பு’ வேண்டும் என்று தமிழகத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். காரைதீவில் பிறந்து, 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை வகித்த சுவாமி விபுலாநந்தரின் ஊர்ப்பக்கத்திலிருந்து எழுதும் எனக்கு, இரு கரைக்கும் விளங்குகின்ற சொல் வேண்டும் என்பதில் மாறுபாடில்லை. ஆயினும் ‘அலுவலகத் தொகுப்பு’ என்று பல செயலிகள் சேர்ந்த கூட்டத்தையும் நாம் அதே சொல்லால் குறிக்கிறோம். அத்தகைய ஒரு தொகுப்பு பல பொதிகளாகப் பிரிந்து வரும்போது இரண்டையும் வேறுபடுத்த வழியிருக்காது. ஆதலால் பொதியே நிற்கட்டும் என்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. முன்பு உடன்வந்து, பின் கைவிடப்பட்டு, தரமுயர்த்திய கணினியில் மட்டும் தங்கிவிடுகின்ற எவல்யூஷன் போன்ற பொதிக்கு ‘எஞ்சுபொதி’ என்று தனிச்சொல் வைப்பதா, விளக்கி எழுதுவதா? இதற்கு உங்கள் கருத்தை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஓர் உறுப்பினர்