(2024 டிசம்பர்) சோட்டோ போயாச்சு, நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் டீம் இப்போ யாரை எடுக்கணும்?

கேள்வி: நம்ம ஸ்டார் பேட்டர் சோட்டோ 15 வருஷம் 765 மில்லியன் டாலருக்கு நியூயார்க்கோட இன்னொரு டீமான மெட்ஸ் பக்கம் போயிட்டாரு, மனசே ஆறல. ஃபர்ஸ்ட் பேஸ்ல (பேட்டர் அடிச்சதும் முதல்ல ஓடி வர்ற இடம்) நின்ன ரிஸ்ஸோவும் இல்ல, அந்த இடம் காலியா கிடக்கு. மிச்சமான காச எங்க போடணும்னு சொல்லுங்கப்பா.

பதில்: ஒரே ஆள் மேல கொட்டாம பிரிச்சுப் போடறதுதான் சரி ப்ரோ. பிட்சர் (பந்து வீசறவர்) மேக்ஸ் ஃப்ரீடுக்கு 8 வருஷம் 218 மில்லியன் டாலர் குடுத்தது நல்ல முடிவு.

பதில்: எனக்கு ஃபீல்டிங்தான் கவலை. 2024 வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியன்ஷிப் ஃபைனல்) 5வது மேட்ச்ல டாட்ஜர்ஸுக்கு எதிரா நமக்கு 5-0 லீடு, நம்ம ஆள் ஜட்ஜ் ஈஸி கேட்ச்ச விட்டாரு, அப்புறம் டாட்ஜர்ஸ் பேட்டர் பெட்ஸ் உருட்டி அடிச்ச பந்த ரிஸ்ஸோ பிடிச்சிட்டு நிக்கிறாரு, அதை வாங்கி அவுட் பண்ண நம்ம பிட்சர் கோல் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடவே இல்ல, அந்த இன்னிங்ஸ்லயே 5 ரன் போச்சு, இன்னும் கண்ணுலயே நிக்குது. ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுற கோல்ட்ஸ்மிட்டுக்கு 37 வயசு ஆனாலும் நாலு கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது) வாங்கின கை, ஒரு வருஷத்துக்கு எடுங்க.

கேட்டவர்: கரெக்ட்ணே. தேர்ட் பேஸ்ல நிக்கிற நம்ம ஜாஸ் சிஷோமை செகண்ட் பேஸுக்கு நகத்தினா தேர்ட் பேஸுக்கும் ஒரு ஆள் வேணுமே?