கவர்னர் தேர்தல் என்று ஒன்று எதற்கு?

தொண்டிக்காரன்: நம்ம ஊர் கவர்னரை டெல்லிதான் அனுப்புகிறது. மெக்சிகோவில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் 1929லிருந்து அறுபது வருஷம் ஒரு மாநிலத்தில்கூட எதிர்க்கட்சி ஆள் கவர்னர் ஆகவில்லையாம். அப்புறம் எதற்குத் தேர்தல்? நேற்று வலை பின்னுகிற இடத்தில் இதே பேச்சுதான்.

பாம்பன் அக்கா: அப்போதெல்லாம் அசல் தேர்தல் முன்னாடியே முடிந்துவிடும் தம்பி. அத்தனை வருஷமும் ஆண்ட பி.ஆர்.ஐ. கட்சியில் ஜனாதிபதி யாரைக் கை காட்டினாரோ அவர்தான் வேட்பாளர், வேட்பாளர் என்றாலே கவர்னர். விரலை வைத்தே அதற்குப் பெயர், 'தெதாசோ'. ஓட்டுப்பதிவு என்பது நிச்சயம் முடிந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போவது மாதிரி.

தொண்டிக்காரன்: யாரும் எதிர்க்கவே இல்லையா அக்கா?

கீழக்கரை மாமா: ஏன் இல்லை? 1986ல் சிவாவா மாநிலத்தில் எதிர்க்கட்சியான பான் கட்சியின் பிரான்சிஸ்கோ பாரியோ தோற்றதாக அறிவித்ததும், மோசடி என்று ஜனங்கள் அமெரிக்க எல்லைப் பாலங்களையே மறித்தார்கள். அவர் 1992ல் ஜெயித்தார். அதற்குள் 1989ல் பாஹா கலிபோர்னியாவில் அதே கட்சியின் எர்னஸ்டோ ருஃபோ முந்திக்கொண்டார். மீன் கம்பெனியில் வேலை பார்த்து, என்செனாடா என்கிற துறைமுக ஊருக்கு மேயராகி அங்கிருந்து வந்தவர்.

தொண்டிக்காரன்: மீன் கம்பெனியா! சரி, இதை நாளைக்கு வாடியில் சொல்லியே ஆக வேண்டும்.