தோட்டத்து வீடு குழு: இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மாவை எங்கே கூட்டிப் போவது?

குழுவில்: அம்மாவின் பிள்ளைகள் சாந்தி அக்கா, செல்வராஜ், கலா; அம்மாவின் தம்பி பழனிசாமி மாமா; சாந்தியின் மகள் நித்யா (அவளுக்கு அம்மாவின் அம்மா அம்மாயி, மாமா அப்புச்சி).

செவ்வாய், இரவு

கலா: டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்கிறார். இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா ஜன்னல் வரை நடந்தார். திரும்பி வரும்போது அழுதுவிட்டார்.

சாந்தி அக்கா: வலியா கலா?

கலா: வலியும்தான். ஆனால் பயம்தான் அதிகம். விழுந்துவிடுவேன், விழுந்துவிடுவேன் என்றே சொல்கிறார்.

செல்வராஜ்: கோயமுத்தூரிலேயே ஒரு ரீஹேப் சென்டர் சொன்னார்களே, ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கப் பழக்கும் இடம், அங்கே ஒரு மாதம் சேர்த்துவிடலாம். நாளுக்கு 3,500 ரூபாய். பணம் நான் சார்ஜாவில் இருந்து அனுப்பிவிடுகிறேன். அக்காவுக்கு முதுகு வலி, உனக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் யார் தூக்கி உட்கார வைப்பது?

பழனிசாமி மாமா: எதற்கு மாப்பிள்ளை அவ்வளவு பணம்? நம் பாலக்காட்டுப் பக்கம் இல்லாத வைத்தியசாலையா? ஒரு மாதம் கிழி, பிழிச்சல் என்று எண்ணெய் வைத்தியம் செய்தால் எழுந்து நடப்பாள். நம் பெரியம்மாவுக்கு இடுப்பு அப்படித்தான் சரியானது.

நித்யா: அப்புச்சி, அவர்களுக்கு இருந்தது இடுப்பு வலி. அம்மாயிக்குத் தொடை எலும்பின் பந்து முனையே உடைந்து, அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்திருக்கிறார்கள். தையல் ஆறும் முன் எண்ணெய் படக் கூடாது. அதைவிட முக்கியம், இந்த வாரங்களில்தான் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். வயிற்றில் ஊசி போடுவதே அதற்குத்தான். உறைந்திருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். கெண்டைக்கால் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பழனிசாமி மாமா: இது எனக்குத் தெரியாது அம்மிணி. சரி, எண்ணெய் வேண்டாம்.

சாந்தி அக்கா: செல்வா, சென்டர் என்றாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அப்பாவைச் சேர்த்த இடம் நினைவிருக்கிறதா? தரை பளபளவென்று இருந்தது, வாசலில் பூச்செடி இருந்தது. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. பன்னிரண்டாம் நாள் முதுகில் அந்தப் புண்ணைப் பார்த்தவள் நான். இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

செல்வராஜ்: எனக்கும் மறக்கவில்லை அக்கா. ஆனால் எல்லா இடமும் அப்படி இருக்காது.

நித்யா: செல்வா மாமா சொல்வதும் சரிதான் அம்மா. கலா சித்தி, நாளைக்கு நேரில் போய்ப் பாருங்கள். கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். மாலை நாலு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்தோ நின்றோ இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கல்லூரியில் எங்கள் மேடம் சொல்லிக்கொடுத்தது இது.

புதன், மாலை

கலா: இரண்டு இடம் பார்த்தேன். முதலாவது செல்வா அண்ணா சொன்ன இடம். ஏசி, தனி அறை, டிவி, சாப்பாடு எல்லாம் நன்றாக இருக்கிறது. பதினான்கு பேரில் பதினொரு பேர் படுத்திருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வெளியில் இருந்து தினம் ஒரு தடவை வருவாராம், ஞாயிறு வரமாட்டாராம். அவர் போன பிறகு யார் நடக்க வைப்பார்கள் என்று கேட்டேன். “விழுந்துவிட்டால் பிரச்சினை மேடம், அதனால் படுக்கையிலேயே எல்லாம் செய்துவிடுவோம்” என்றார்கள். டயபர் போட்டுவிடுவார்களாம். அம்மா டயபர் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சண்டை போட்டவர்.

கலா: இரண்டாவது சின்ன இடம். வெறும் எட்டுக் கட்டில், சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. நான் போனபோது ஒரு தாத்தாவை டீ குடிக்க மேசை வரை நடத்திக் கூட்டி வந்தார்கள். அந்தப் பத்தடிக்கு ஐந்து நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. காலை, மாலை இரண்டு வேளையும் பிசியோ. மற்ற நேரத்தில் சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடந்துதான் போக வேண்டும், கூட ஆள் வரும். இரவில் இரண்டு பேர் முழித்திருக்கிறார்கள். நம்மில் ஒருவர் கூடவே தங்கலாம். அந்தப் பிசியோ பெண் என்னிடம் முதலில் கேட்டது, “வீட்டில் கழிப்பறை எப்படி, எத்தனை படி ஏற வேண்டும்?” அம்மாவை வீட்டுக்கு அனுப்புவதையே நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

செல்வராஜ்: அப்படியானால் இரண்டாவதுதான். கட்டணம் எவ்வளவு என்றாலும் சரி. இன்சூரன்ஸில் கேட்டேன், சென்டரில் தங்கும் செலவு நம் பாலிசியில் வராது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை பிசியோ, மருந்து பில்லுக்குக் கிடைக்கும். அதனால் எல்லாச் சீட்டையும் பத்திரமாக வை கலா.

சாந்தி அக்கா: நேற்று இரவு அம்மா அப்பாவைக் கூப்பிட்டாராமே? மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாச்சா என்று கேட்டாராமே? எனக்குப் பயமாக இருக்கிறது.

நித்யா: வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வரும் அம்மா, பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரட்டும். கண்ணாடியைப் போட்டு விடுங்கள். புது இடத்துக்குப் போகும்போது தெரிந்த முகம் ஒன்று கூடவே இருக்க வேண்டும்.

சாந்தி அக்கா: அப்படியென்றால் முதல் வாரம் நான் தங்குகிறேன். இங்கே கறவையை இவர் பார்த்துக்கொள்வார்.

வியாழன்

பழனிசாமி மாமா: சாந்தி, கொழிஞ்சாம்பாறையில் யாரோ சொன்னார்கள், நீ பாலியேட்டிவ் நர்ஸைக் கேட்டிருக்கிறாயாம். அது கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்குத்தானே? அக்கா சாகக் கிடக்கிறாளா? ஏன் இப்படிச் செய்கிறாய்?

சாந்தி அக்கா: ஐயோ மாமா, அப்படி இல்லவே இல்லை. ஊர் சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சிதான் சொன்னார். கேரளாவில் 2008-லேயே இதற்கென்று கொள்கை கொண்டு வந்து, பஞ்சாயத்து மூலமாக வீட்டுக்கே நர்ஸ் வருகிறார்கள். புற்றுநோய்க்கு மட்டும் இல்லை, படுத்த படுக்கையானவர்கள், நடமாட முடியாத முதியவர்கள் எல்லோருக்கும்தான். காயத்தைப் பார்ப்பார்கள், நமக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். அம்மா எழுந்து நடப்பதற்குத்தான் கேட்டேன்.

பழனிசாமி மாமா: மனசு பதறிப்போய்க் கேட்டுவிட்டேன், தப்பாக நினைக்காதே.

கலா: பொள்ளாச்சியில் என் வீட்டுக்கு வந்தாலும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார்கள். ஆனால் எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டி அக்கா வீட்டுக்கு வரமாட்டார்கள். அக்கா வீடு என்றால் கேரளா, என் வீடு என்றால் தமிழ்நாடு. எந்த வீடு என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும். நாம் மூன்று நாளாகப் பேசுகிறோம், அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செல்வராஜ்: நீ சொல்வது சரி. இப்போதே கேள்.

கலா: கேட்டுவிட்டேன். தெளிவாகவே இருக்கிறார். “நான் யார் கையையும் பிடிக்காமல் கக்கூஸுக்குப் போய் வரணும். அதுவரைக்கும் எங்கே வேணும்னாலும் வைங்க. அப்புறம் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க” என்றார். சென்டரில் முதல் நாளே இதைத்தான் இலக்கு என்று எழுதச் சொல்லப் போகிறேன்.

நித்யா: அப்படியானால் இரண்டு வாரம் அங்கே, பிறகு கேரளாவில் நம் வீடு. அம்மா, அதற்குள் வீட்டில் வேலை இருக்கிறது. முழங்கால் இடுப்பைவிட மேலே வரவே கூடாது, டாக்டர் மூன்று மாதம் என்றிருக்கிறார். தரையில் உட்காருவது, மணை, திண்ணை, கால்மேல் கால் எல்லாம் கூடாது. படுக்கும்போது கால்களுக்கு நடுவில் தலையணை. கழிப்பறையில் உயரம் கூட்டும் சீட், சுவரில் பிடிக்கக் கம்பி. நடைபாதையில் கால்மிதி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்புறம், கால் தடுக்கி விழுந்ததற்கே உடைந்திருக்கிறது என்றால் எலும்பு ஏற்கெனவே பலவீனம். அதற்கு மருந்து எப்போது தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். மறந்தால் அடுத்த இடுப்பும் போகலாம்.

வெள்ளி

கலா: வந்து சேர்ந்துவிட்டோம். வண்டியில் இருந்து கட்டில் வரை அம்மாவே நடந்தார். அக்கா பக்கத்தில்.

சாந்தி அக்கா: 22 அடி எடுத்து வைத்தார். நான் எண்ணினேன்.

செல்வராஜ்: வீடியோ அனுப்புங்கள் அக்கா, தயவுசெய்து.

பழனிசாமி மாமா: உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அக்காவின் கட்டிலை அளந்தேன், 14 அங்குலம்தான் இருக்கிறது. நித்யா, எவ்வளவு வேண்டும்?

நித்யா: அம்மாயியின் முழங்கால் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும் அப்புச்சி. அம்மா, கொஞ்சம் அளந்து சொல்லுங்கள்.

சாந்தி அக்கா: பாதத்தில் இருந்து முழங்கால் வரை 16.

நித்யா: அப்படியானால் 18. செங்கல் வைக்காதீர்கள், நகரும்.

பழனிசாமி மாமா: செங்கல் எதற்கு? ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். நான்கு கால்களுக்கும் தேக்கில் குழி வெட்டிய கட்டை, நான்கு அங்குலம். நாளைக் காலையில் வருகிறார்.