ஏழு வருட மாடித்தோட்டப் பேச்சைக் கையேடாக்கியபோது

எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்டால் அரை மணி நேரத்தில் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே கேள்வி அடுத்த ஆடிப்பட்டத்தில் திரும்ப வரும், பதில் சொன்னவருக்கே போன வருடம் என்ன சொன்னோம் என்று நினைவிருக்காது. அதனால் போன தை மாதம் நாங்கள் மூன்று பேர் ஏழு வருடப் பேச்சையும் இறக்கி வைத்துக்கொண்டு, செடி வாரியாகப் பிரிக்க உட்கார்ந்தோம்.

முதல் அடி படத்தில் விழுந்தது. படங்களைச் சேர்க்காமல் இறக்கிவிட்டோம். "இது என்ன பூச்சி?" என்று ஒரு வரி, அதன் கீழே படம் இருந்த இடத்தில் 'மீடியா ஓமிட்டட்' என்ற குறிப்பு மட்டும், அதற்கும் கீழே ஐந்து பேர் அருமையாகச் சொன்ன பதில். எந்தப் பூச்சிக்கு என்றே தெரியாத பதிலை என்ன செய்வது? கேட்டவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, அவர்கள் போனில் படம் இருக்கிறதா என்று தேட வைத்தோம்.

அப்புறம் சுரைக்காய். பிஞ்சு வெம்பி உதிர்கிறது என்று ஒருவர் கேட்க, "காலை ஆறு மணிக்குள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வையுங்கள்" என்று ஒரு பதில், "இல்லை, விளக்கு வைக்கிற நேரத்தில்தான்" என்று இன்னொன்று, இரண்டு நாள் வாக்குவாதம். நிதானமாக மேலே போய்ப் படித்தால், காலை என்றவர் வளர்த்தது பூசணி. பூசணியும் பாகலும் விடியற்காலையில் பூக்கும். சுரை, பீர்க்கன், புடலை எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான் பூக்கும். இரண்டு பேரும் தங்கள் செடியில் பார்த்ததைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கையேட்டில் அந்தப் பக்கத்தை நான் நான்கு முறை திருத்தி எழுதினேன். பீர்க்கன் பூவும் மஞ்சள், பூசணிப் பூவும் மஞ்சள் என்பதால் நிறத்தைச் சொன்னால் போதாது, செடியின் பெயரும் நேரமும் சேர்ந்தே வர வேண்டும்.

வேப்பெண்ணெய் பாடு தனி. "ஒரு லிட்டருக்கு ஒரு மூடி" என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். எந்த மூடி? ஒருவர் தண்ணீர் பாட்டில் மூடி என்றார், இன்னொருவர் இருமல் மருந்தோடு வரும் 10 மி.லி. மூடி. இந்த இரண்டாவது கணக்கில் உச்சிவெயிலில் தெளித்து மிளகாய்ச் செடியின் இலையெல்லாம் கருகிப்போன கதையும் அதே பேச்சிலேயே கிடந்தது. இப்போது 5 மி.லி., முதலில் சோப்புக் கரைசலில் குழைத்து அப்புறம் தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்.

செடி, ஊர், மாதம், அளவு, அதன் பிறகு என்ன ஆனது, இந்த ஐந்தும் இல்லாத குறிப்பைச் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். கடைசியாகச் சொன்னதுதான் கிடைக்கவே கிடைக்காது. செடி பிழைத்த சந்தோஷத்தில் யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் ஊர்க் குழுக்களில் இப்படி யாராவது தொகுத்திருக்கிறீர்களா?

---

நாங்கள் கோவையில் செய்தோம் அண்ணா. எங்களுக்குப் பெயர்தான் பெரிய சிக்கல். எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம், அதையே சென்னைக்காரர்கள் பரங்கி என்கிறார்கள், நெல்லைக்காரர்கள் பூசணி என்கிறார்கள். சென்னையில் பூசணி என்றால் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி, அது நெல்லையில் தடியங்காய். கொத்தவரை, சீனியவரை கதையும் இதேதான். ஒரே பெயருக்கு மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தோம், ஒரே வாரத்தில் கைவிட்டோம், ஏனென்றால் ஆட்கள் தங்கள் வீட்டுப் பெயரைத்தான் தேடுகிறார்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எல்லா ஊர்ப் பெயரும் இருக்கிறது.

---

எங்கள் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார், தட்டச்சு செய்ய மாட்டார், எல்லாம் குரல் பதிவுதான். முதல் தொகுப்பில் அவர் சொன்ன ஒன்றுகூட வரவில்லை! எழுத்தை மட்டும் இறக்கினால் குரல் வராதே. நான் தினமும் சமையல் முடித்துவிட்டு இரண்டு பதிவு கேட்டு எழுதினேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றால் எல்லோரும் மருந்து சொல்வார்கள், அவர் மட்டும் "முதல்ல எறும்பு எங்கேயிருந்து ஏறுதுன்னு பாரு" என்கிறார். உண்மைதான், மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, எறும்பு ஏறும் வழியை அடைத்ததில் என் செடி இரண்டு வாரத்தில் தெளிந்தது. அவர் சொன்னபடியே, பேச்சு வழக்கை மாற்றாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

---

அக்கா, இதைப் படித்துவிட்டு எங்கள் தொகுப்பைத் திறந்து பார்த்தேன். குரல் பதிவு இருந்த இடமெல்லாம் வெறும் 'மீடியா ஓமிட்டட்'. அவற்றையும் படம் என்றே நினைத்துக் கடந்திருக்கிறோம். எங்கள் குழுவில் இருப்பவர்கள் யாரும் பழைய போனை அழித்துவிடாதீர்கள், விற்கவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பதிவுகளை எடுத்துக்கொள்கிறேன்.