புதுப்பிப்பு: குளிர்கால நடைக்குப் போய் வந்துவிட்டேன்

உறைபனிக் காலத்தில் இயற்கைப் பூங்கா வழியாகக் குழுவாக நடக்கப் போகிறேன், மற்றவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். அந்தப் பயம் தேவையே இருக்கவில்லை. மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவர் வேகத்திலேயே எல்லோரும் நடந்தோம்.

பருத்தி உடை வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு மிகுந்த நன்றி. ஏற்றத்தில் நன்றாக வியர்த்தது. கம்பளி உள்ளாடை ஈரமான பிறகும் சூட்டை விடவில்லை. பருத்திச் சட்டையில் வந்த ஒருவர், ஓய்வுக்கு நின்றதுமே நடுங்கத் தொடங்கிவிட்டார். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னதும் சரிதான்: பனிக்கட்டி மேலே மிதப்பதால் மூடிப் பக்கம் உறையவில்லை. கைப்பேசியை மட்டும் வெளிப்பையில் வைத்திருந்தேன். குளிரில் பேட்டரி இறங்கி அணைந்துவிட்டது. உடலோடு ஒட்டிய பையில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் மனதில் நிற்பது பனியில் பார்த்த முயல் தடங்கள்தான். பெரிய பின்னங்கால்களின் பதிவு முன்னால், சிறிய முன்னங்கால்களின் பதிவு பின்னால்! தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி ஊன்றுகின்றன. வழிகாட்டி விளக்கும்வரை முயல் போன திசையை நேர் எதிராகவே படித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அங்கேயே குனிந்து பார்த்தோம், யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த நடைக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.